நாம் திரும்பிவிட்டோம், நம் எழுத்து?

சித்தூரில் வீடு, திருப்பதியில் விடுதி. நம்மிற் பலருக்கு இதுதான் வாழ்க்கை. வெள்ளி மாலை பஸ் ஏறுகிறோம். ஞாயிறு இரவு திரும்புகிறோம். நாம் திரும்பிவிடுகிறோம், நாம் எழுதியது திரும்புகிறதா?

சென்ற பருவத்தில் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நான்கு உருவில் இருந்தது. வீட்டுக் கணிப்பொறியில் ஒன்று. விடுதி மடிக்கணினியில் ஒன்று. துறைக் கணிப்பொறியில் 'கடைசி' என்று ஒன்று. பென்டிரைவில் 'உண்மையான கடைசி' என்று இன்னொன்று! ஓரிரவு, பழையதைப் புதியதன் மேலே நகல் செய்துவிட்டேன். எட்டுப் பக்கம் போயிற்று. குற்றம் என்னுடையதே.

தமிழ் படிப்பவனுக்கு இத்துன்பம் புதிதா? சீவக சிந்தாமணியை 1887-லும் புறநானூற்றை 1894-லும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஊர் ஊராய்த் தேடிய ஏடுகளை ஒப்புநோக்கியவர் அன்றோ? ஓர் ஏட்டில் ஒரு பாடம். மற்றோர் ஏட்டில் வேறு பாடம். ஒன்றைக் கொண்டவர் மற்றதை எறிந்துவிடவில்லை. பாடபேதமென்று குறித்து வைத்தார்.

நம் சொந்த எழுத்துக்கு அந்த வேலையைக் கணிப்பொறியே செய்யும் முறை ஒன்று உண்டு. பதிப்புக் கட்டுப்பாடு என்பார்கள். அதற்கான கருவிகளில் இன்று பெரிதும் வழங்குவது 'கிட்'. லினக்ஸ் நிரலாளருக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கியது. நிரல் எழுதுவோர்க்கே அது உரியது என்பது வீண் எண்ணம். கட்டுரைக்கும் கவிதைக்கும் ஆகும். 'இதைப் பதிந்துகொள்' என்று நாம் சொல்லும்போதெல்லாம், மாற்றியவர் யார், எந்த நாள், என்ன காரணம் என்ற குறிப்போடு வைத்துக்கொள்கிறது. முழு வரலாறும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருப்பதால், இணையமில்லாத பஸ்ஸிலும் பதியலாம். ஒரே வரியை இரண்டு ஊரிலும் மாற்றிவிட்டீர்களா? அது தானாகத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் காட்டி, எது வேண்டுமென்று உங்களையே தீர்க்கச் சொல்லும்.

"கூகுள் டிரைவ் போதாதா?" என்பார் நண்பர். சான்றிதழுக்கும் புகைப்படத்துக்கும் போதும். ஆனால் தவறி அழித்ததையும் அது அதே விரைவில் எல்லாக் கணிப்பொறிக்கும் கொண்டு சேர்க்கும். ஏன் மாற்றினோம் என்பதை அறியாது.

கிட்டுக்கும் குறையுண்டு. வேர்டு கோப்பை வரிவரியாக ஒப்பிட அதற்கு வராது. எளிய உரைக்கோப்பில் எழுதவேண்டும். பேராசிரியர் வேர்டில்தான் கேட்பார். கடைசியில் மாற்றிக் கொடுக்கலாம். மறதிக்கும் மருந்தில்லை. பதிந்ததை அனுப்பாமல் பஸ் ஏறினால், சித்தூரில் கையைப் பிசைய வேண்டியதுதான். நான் இருமுறை பிசைந்தேன்.

எழுத்தைப் பிறர் தளத்தில் வைக்க மனமில்லாதவர், பென்டிரைவிலேயே நடுக் களஞ்சியம் அமைக்கலாம். அது தொலைந்தாலும், அதுவரை கொண்டுசென்ற முழுப் பிரதி வீட்டிலும் விடுதியிலும் இருக்கும். பிறர் கையில் சிக்கக்கூடாத எழுத்தாயின் பென்டிரைவுக்குக் கடவுச்சொல் பூட்டும் வேண்டும்.

நம் மன்றம் பேச்சுப்போட்டி நடத்துகிறது, நன்று. ஊருக்கு ஓடாத ஒரு புதன் மாலையை இதற்கு ஒதுக்கலாகாதா? அன்றாடம் வேண்டிய ஆணைகள் ஐந்தாறே. இம்மலருக்கு வந்த கட்டுரைகளையே எடுத்துப் பழகலாம். ஒரே தலையங்கத்தை இருவர் இருவிதமாய்த் திருத்தி மல்லுக்கட்டுவது நாமறியாததா? செயலாளர் நாள் குறிக்கட்டும். மடிக்கணினியும் பென்டிரைவும் நான் கொண்டுவருகிறேன்.