உலர்த்தும் இயந்திரமும் நமது கைத்தறியும்

கைத்தறித் துணி வாங்குவோரின் வீடுகளில் ஒரு மாறுதல் நிகழ்ந்து வருகிறது. கொல்லையில் கொடி கட்டித் துணி உலர்த்தும் வசதி, நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் அருகி வருகிறது. குளிர் நாடுகளில் குடியேறிய நம்மவர் பலரது இல்லங்களிலோ, சலவை இயந்திரத்திற்குத் துணையாக ‘டிரையர்’ எனப்படும் உலர்த்தும் இயந்திரமும் அமைந்துவிட்டது. நமது சங்கங்களின் போர்வையும் துண்டும் வேட்டியும் இன்று அதனுள்ளும் சுழல்கின்றன. எந்தத் துணியை எந்த வெப்பத்தில் உலர்த்துவது என்பதை வாங்குவோருக்கு அறிவிப்பது, விற்கும் சங்கத்தின் கடமையே என்பது நமது கருத்து.

“ஒரே சலவையில் போர்வை சிறுத்துவிட்டது” என்ற குறை விற்பனை நிலையங்களில் எழும்போது, பழி நெசவாளர் தலையில் விழுகிறது. உண்மை என்ன? தறியில் பாவு இழுத்துக் கட்டப்பட்டே நெய்யப்படுகிறது. துணி நனைந்ததும் நூல் பருத்து, அந்த இழுவிசை தளர்ந்து, இழைகள் நெருங்குகின்றன. இது பருத்தியின் இயல்பு. ஆலைத் துணியை முன்கூட்டியே இயந்திரத்தால் சுருக்கி விற்கும் முறைக்கு அமெரிக்காவில் ஸான்போர்டு கிளூயெட் என்பவர் 1930-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நமது தறியிலிருந்து இறங்கும் துணி பெரும்பாலும் அவ்வாறு பதப்படுத்தப்படுவதில்லை. நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால், 100 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள போர்வை 95-க்கு 57 ஆகிவிடும். கட்டிலின் ஓரம் தெரியத் தொடங்கியதும், வாங்கியவர் அடுத்த முறை வேறு கடை தேடுவார்.

கொடியில் தொங்கும் துணி தன் பாரத்தாலேயே ஓரளவு நீண்டு உலர்கிறது. இயந்திரத்திலோ சூடான காற்று வீச, துணி உருளைக்குள் புரண்டுகொண்டே இருக்கிறது. ஆகவே வெப்பத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. ஈரம் முற்றும் வற்றும்வரை புரட்டுவதே சுருக்கத்தை மிகுவிக்கிறது. கைத்தறிப் பருத்திப் போர்வையையும் வேட்டியையும் குறைந்த அல்லது நடுத்தர வெப்பத்தில் இட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே எடுத்து, நீள அகலம் பார்த்து இழுத்து, நிழலில் விரித்துவிடுவது நலம்.

இயந்திரத்தில் பொதுவாக மிகுந்த வெப்பம், நடுத்தர வெப்பம், குறைந்த வெப்பம், வெப்பமில்லாத காற்று ஆகிய நிலைகள் உண்டு. மிகுந்த வெப்பம், ஏற்கனவே பலமுறை சலவை கண்ட தடித்த பருத்தித் துண்டுகளுக்கே உரியது. பூத்துண்டு இதில் மென்மையாகப் பொங்கி எழும். ஆனால் அளவுக்கு மீறி உலர்த்தினால் அதுவும் முரடாகும். நன்கு உலர்ந்த பருத்தியும் காற்றிலிருந்து நூற்றுக்கு ஏறத்தாழ 8½ பங்கு ஈரத்தைத் தன்னகத்தே கொள்ளும். ஈரம் பார்த்தே பருத்திக்கு விலை பேசப்படுவதைக் கண்ட விவசாயிகளுக்கு இது புதிதன்று. அந்த இயற்கை ஈரத்தையும் பறிப்பதால் மின்சாரம் வீணாவதுடன் நூலும் நலிகிறது. உலர்ந்ததை உணர்ந்து தானே நிற்கும் அமைப்புள்ள இயந்திரமாயின், நிமிஷக் கணக்கு வைப்பதைவிட அவ்வமைப்பைப் பயன்படுத்துவதே சிறந்தது.

பாலியெஸ்டர் கலந்த சட்டைக்கும் சேலைக்கும் நடுத்தர வெப்பம் பொருந்தும். அந்த இழை சூட்டில் இளகி, ஆறும்போது எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த மடிப்பையே பிடித்துக்கொள்ளும். எனவே இறுதியில் குளிர்ந்த காற்று வீசும் கட்டம் முடிந்ததும் உடனே எடுத்து மாட்டிவிட வேண்டும். விரிந்து சுருங்கும் இழை சேர்ந்த உள்ளாடைகளுக்குக் குறைந்த வெப்பமே தகும், மிகுந்த சூட்டில் அந்த இழை தளர்ந்துபோகும். பட்டும் சரிகையும் இந்த இயந்திரத்தின் பக்கமே போகலாகாது. ஈரமான கம்பளி சூட்டில் புரண்டால், அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி கெட்டியாகிச் சிறுத்துவிடும். கஞ்சி போட்ட சேலையை உள்ளே இட்டால், கஞ்சியின் விறைப்பும் போகும், உருளையிலும் பசை படியும். சாயம் கசியும் புதுத் துணியை வெள்ளையுடன் சேர்த்து இடுவதும் தவறு.

வீட்டுப் பொருள்களிலும் பகுத்தறிதல் தேவை. போர்வையைத் தனியே இடவேண்டும். இல்லையேல் அது சிறு துணிகளைச் சுருட்டி விழுங்கிக்கொள்ளும், வெளிப்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும். ஜமுக்காளத்தின் ஈரப் பாரத்தை வீட்டு இயந்திரத்தின் மீது ஏற்றுவதைவிட மொட்டைமாடி வெயிலை நம்புவது மேல். இலவம்பஞ்சுத் தலையணை நனைந்தால் கட்டி தட்டும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். அதற்கும் வெயிலே மருந்து. நுரை ரப்பர் தலையணை, ரப்பர் அடி ஒட்டிய மிதியடி ஆகியவற்றை வெப்பத்தில் உலர்த்தவே கூடாது.

எண்ணெய் பற்றிய எச்சரிக்கை நம் வீடுகளுக்கு மிகவும் உரியது. எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் துடைத்த துண்டும், சமையலறைக் கைப்பிடித் துணியும் சாதாரணச் சலவையில் முழுதும் எண்ணெய் நீங்குவதில்லை. எஞ்சிய எண்ணெய் காற்றுடன் கலந்து தானே சூடேறும். இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு குவித்து வைத்தால், அச்சூடு வெளியேற வழியின்றித் தீப்பிடிக்கவும் கூடும். இத்தகைய துணியை வெந்நீரில் கூடுதல் சோப்பிட்டுத் துவைத்துக் கொடியில் உலர்த்துவதே பாதுகாப்பு. எந்தத் துணியானாலும், குளிர்காற்றுக் கட்டம் முடியுமுன் இயந்திரத்தை நிறுத்திக் குவியலாக விட்டுவிடலாகாது. பஞ்சுத் தூசி சேரும் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்தல் வேண்டும்.

இவ்வளவையும் வாங்குவோர் தாமே அறிந்துகொள்வர் என்று இருந்துவிடலாமா? 1971-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில், உடைகளுடன் பராமரிப்புக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. உலகெங்கும் வழங்கும் குறிகளும் உள்ளன. சதுரத்துள் வட்டம் உலர்த்தும் இயந்திரத்தைக் குறிக்கும். வட்டத்துள் ஒரு புள்ளியிருந்தால், வெளியேறும் காற்றின் வெப்பம் 60 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்படலாகாது. இரு புள்ளியாயின் 80 டிகிரி வரை போகலாம். குறியின்மேல் பெருக்கல் கோடு இட்டிருந்தால் இயந்திரமே கூடாது. எழுத்தறியாதவரும் கண்டு தெளியக்கூடிய இக்குறிகளைத் தமிழில் இரு வரி விளக்கத்துடன் அச்சிடப் பெருந்தொகை வேண்டியதில்லை.

எந்தக் குறியை இடுவது என்பதைச் சங்கமே சோதித்து அறியலாம். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மாதிரித் துண்டில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, மூன்று முறை துவைத்து, இயந்திரத்தில் உலர்த்தி, மீண்டும் அளந்தால் போதும். 48½ சென்டிமீட்டராக நின்றால் நூற்றுக்கு 3 பங்கு சுருக்கம். அக்கணக்கை ரகப் பதிவேட்டில் எழுதி, அதற்கேற்ப நீளத்தைக் கூட்டி நெய்யச் சொல்லலாம். ஆனால் கூடுதல் நெசவுக்குரிய கூலியை நெசவாளருக்குக் கொடுத்தே அதனைச் செய்யவேண்டும்.

“சுருங்கும் என்று நாமே எழுதினால் வாங்குவோர் அஞ்சமாட்டாரா?” என்று நிர்வாகக் குழுவினர் சிலர் கேட்கலாம். சொல்லி விற்ற குறை குறையாகாது, சொல்லாமல் விற்றது வஞ்சனையாகத் தோன்றும். பருத்தி விளைவித்தவர், நூற்றவர், சாயமிட்டவர், நெய்தவர் ஆகிய அனைவரது உழைப்பும் ஒரு போர்வையில் அடங்கியிருக்கிறது. அது வாங்கியவர் வீட்டில் முதல் சலவையிலேயே பாழாவதை ஒரு சிறு சீட்டால் தடுக்க முடியுமெனில், அந்தச் சீட்டை இணைக்காதிருக்க நமக்கு என்ன நியாயம் உண்டு? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தையும் சேர்க்குமாறு சங்கங்களை வேண்டுகிறோம்.