எல்லை எங்கே?

காந்தியடிகள் இயந்திரங்களின் பகைவர் என்பார் ஒரு சாரார். தையல் இயந்திரத்தைப் போற்றியவர் எப்படிப் பகைவராவார் என்பார் மறு சாரார். இருவரும் சான்று காட்டுவது ஒரே நேர்காணலை. 1924-இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. இராமச்சந்திரன் வினவ, அடிகள் விடையளித்தார். ‘யங் இந்தியா’ இதழ் அதனை வெளியிட்டது. அம்மாணவரே பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் கண்டவர். பட்டுத்தறிகளை நம்பி வாழும் ஆரணியில் இருந்துகொண்டு, இவ்வுரையாடலைப் பாதி படித்து மூடிவைக்க நம்மால் இயலாது.

எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்ற கேள்விக்கு அடிகள் புன்னகையோடு மறுமொழி தருகிறார். உடலும் ஓர் இயந்திரம், இராட்டையும் இயந்திரம்; தாம் எதிர்ப்பது இயந்திர மோகத்தையே என்கிறார். மனைவியின் சிரமம் கண்டு சிங்கர் ஆக்கியது என்று கூறித் தையல் இயந்திரத்துக்கு விலக்கும் அளிக்கிறார். சிங்கரின் உண்மை வரலாறு அத்துணை இனியதன்று. ஆயின் மாணவர் அக்கதையில் மயங்கி நின்றுவிடவில்லை. பணிவு குன்றாமல் தொடர்கிறார். அவ்வியந்திரத்தைச் செய்யவும் ஆலை வேண்டுமே? வேண்டும், அது அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கட்டும் என்கிறார் அடிகள். அப்படியானால் விலக்குகளின் எல்லை எங்கே? தனிமனிதனுக்கு உதவுவதை விட்டு, அவனது தனித்தன்மையில் கைவைக்கும் இடமே எல்லை என்பது விடை. புன்னகையில் தொடங்கிய பேச்சு இங்கேதான் வாதமாகிறது.

ஓரிடத்தில் நாம் அடிகளோடு மாறுபடுகிறோம். மீட்புக்கு உதவாத உடலையே துறக்க விழைவதுபோல, இலட்சிய நிலையில் இயந்திரம் அனைத்தையும் விலக்குவேன் என்கிறார். வாக்கு மனுவுருவானார் என்றும், உடலின் உயிர்ப்பு உண்டென்றும் அறிக்கையிடும் நாம், உடலை வெறும் சுமையெனக் கொள்ளோம். நாடா எறியும் கையும் மிதிபலகை அழுத்தும் காலும் இறைவன் மதித்தவை. ஆதலால் அடிகள் வகுத்த எல்லை நமக்கு இன்னும் உறுதியானது.

தறிமேல் ஏறிய ஜக்கார்டுப் பெட்டியை நெசவாளர் பகைக்கவில்லை. பூவேலைக்குப் பாவிழைகளைத் தூக்கித் தந்து அது அவர் கைக்குத் துணை நிற்கிறது. விசைத்தறிச் சேலை கைத்தறிப் பட்டென்று விலைபோகும்போதோ, கையின் பெயர் மட்டும் விற்கப்படுகிறது, கைக்குக் கூலியில்லை. கைத்தறியைக் காக்க 1985-இல் இயற்றப்பட்ட சட்டம் சில துணிவகைகளை அதற்கென ஒதுக்கியது. அதுவும் ஓர் எல்லைக்கோடே.

இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிய நேர்காணல்கள் பெருகிவிட்டன. பலவற்றில் கேட்பவர் வாய்பிளந்து வியக்கிறார். சொல்பவர் வருங்காலத்தை விற்கிறார். எவர் பிழைப்புப் போகும், எவர் கையில் அது இருக்கும், எங்கே அது நிற்கவேண்டும் என்று கேட்பார் அரிது. அடிகளின் முன்னிலையிலேயே ஓர் இளம் மாணவருக்கு இருந்த துணிவு இவர்களுக்கு ஏன் இல்லை? அவர்கள் கேளாவிடில், படிக்கும் நாமாவது கேட்போம்.