கேட்டால் ஒரு பதிலாவது தாருங்கோ

போன வருசம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கி நிற்பதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரத்தில் ஒரு பங்கு அதே தண்ணிக்குள் போய்ச் சேர்கிறது. குடிதண்ணியில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கட கிணறுகளில் எவ்வளவு இருக்கு? அதைத்தான் தேடினோம்.

தேடிப் போனால் சொல்லி வைத்தது போல ஒரு தலைப்பு கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களஞ்சியத்தில் இருந்தது. சுருக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஊர்களின் பெயர்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடும் அந்தப் பக்கம்தான். சில வருசத்துக்கு முன்னர் கம்பஸ் பிள்ளையள் போத்தலோடு வந்து கிணற்றில் தண்ணி அள்ளிக்கொண்டு போனது அம்மம்மாவுக்கு நல்ல ஞாபகம். தேத்தண்ணி போட்டுக் குடுத்தவவாம். இதே ஆய்வுக்குத்தானோ வேறொன்றுக்கோ, முடிவு என்ன வந்தது என்று அவவுக்கு ஒருத்தரும் வந்து சொல்லவில்லை.

பிடிஎப்பை அழுத்தினோம். பூட்டுப் படம். கட்டுரை தடைக்காலத்தில் இருக்கிறதாம். அதாவது கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகை, இத்தனை மாதத்துக்கு இதைப் பொதுவில் திறந்து வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறது. பூட்டுக்குக் கீழே ஒரு பட்டன்: பிரதி வேண்டுமென்றால் கேளுங்கள். பெயர், மின்னஞ்சல், ஒரு சின்னக் குறிப்பு. நாங்கள் யார், ஏன் கேட்கிறோம் என்று மரியாதையாக எழுதி அனுப்பினோம். ஒரு கிழமை போனது. ஒரு மாதம் போனது. திரும்பவும் அனுப்பினோம். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

கடைசியில் தெரிந்த ஒரு அக்கா மூலமாக, கட்டுரையை எழுதிய விரிவுரையாளரின் போன் நம்பர் கிடைத்தது. பயந்து பயந்துதான் எடுத்தோம். "எனக்கு அப்பிடி ஒரு மெயிலும் வரேல்லையே தம்பி. வந்திருந்தா அனுப்பியிருப்பன்தானே" என்றார். பத்து நிமிசத்தில் வட்ஸ்அப்பில் தன்னுடைய கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். அதோடு விடாமல், மூன்றாவது அட்டவணையை மாரிக்கு முன், மாரிக்குப் பின் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லி ஒரு குரல் பதிவும் போட்டார். ஒரு பாட வேளைக்குச் சமமான பதிவு அது.

அப்ப எங்கட கோரிக்கை எங்கே போனது?

விசாரித்துப் பார்த்தோம். யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவை, களனி என்று இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவும் களஞ்சியத்துக்குப் பாவிப்பது டிஸ்பேஸ் என்ற மென்பொருள். உலகம் முழுக்கவும் அதுதான் பரவலாக இருக்கிறது. அதில் இந்தக் கொப்பி கேட்கிற வசதியை அப்படியே விட்டால், கோரிக்கை போவது கட்டுரையை எழுதியவருக்கு இல்லை. அதைக் களஞ்சியத்தில் பதிவேற்றியவருக்கு. எங்கட நாட்டில் பதிவேற்றுவது அனேகமாக நூலகத்தில் வேலை செய்கிற யாரோ ஒருவர். அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம், ஒப்பந்தம் முடிந்து வெளிநாடு போயிருக்கலாம். அவருடைய கணக்கு இன்னும் இருக்கும், பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. எழுதியவரின் முகவரிக்கோ நூலகத்தின் உதவி மேசைக்கோ போகும்படி மாற்றலாம். அது அமைப்பில் செய்கிற சின்ன மாற்றம்தான். ஒருவர் உட்கார்ந்து செய்யவேண்டும், அவ்வளவே. நாங்கள் பேசிய ஒரு நூலக உத்தியோகத்தர் வெளிப்படையாகவே சொன்னார்: "அது சேர்மாருக்குப் போகுது எண்டுதான் நாங்கள் நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்." சேர்மார் நூலகம் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவர் தன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

எங்கட சண்டை பூட்டோடு இல்லை, மௌனத்தோடு. பூட்டுக்குக் காரணம் இருக்கலாம். பதில் சொல்லாமல் விடுவதற்கு என்ன காரணம்?

இந்தப் பட்டன் எதற்காக வந்தது என்று பார்த்தால் இன்னும் கோபம் வரும். 2006 அளவில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஈபிரின்ட்ஸ் மென்பொருளுக்கும், போர்த்துக்கலின் மின்யோ பல்கலைக்கழகத்தில் டிஸ்பேஸுக்கும் இதைச் செய்தார்கள். சவுத்ஹாம்ப்டனில் இருந்த ஸ்டீவன் ஹார்னாட் இதற்காக வருசக்கணக்கில் வாதாடியவர். யோசனை எளிமையானது. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்றே களஞ்சியத்தில் போடு. சஞ்சிகை தடை போட்டிருந்தால் பூட்டி வை. ஆனால் தலைப்பும் சுருக்கமும் எல்லாருக்கும் தெரியட்டும், வேண்டியவர் கேட்கட்டும், எழுதியவர் ஒரு சொடுக்கில் அனுப்பட்டும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இதை விதியாகவே ஆக்கியது. அங்கே களஞ்சியத்தில் போடாத கட்டுரை பதவி உயர்வுக்குக் கணக்கில் வராது. ஆக, இந்தப் பட்டன் தடையைச் சுற்றிப் போவதற்கு வைத்த ஒழுங்கை. எங்கட இடங்களில் அது முட்டுச்சந்தாகிவிட்டது.

கேட்டு வாங்குவதும் புதுப் பழக்கம் இல்லை. இணையத்துக்கு முந்திய காலத்தில் விஞ்ஞானிகள் தபாலட்டையில் கேட்டார்கள். கட்டுரை வந்ததும் எழுதியவருக்குச் சஞ்சிகையிலிருந்து தனிப் பிரதிகள் கிடைக்கும், அட்டை அனுப்பியவருக்கு அதில் ஒன்றை உறையில் போட்டு அனுப்புவார். சஞ்சிகை வாங்க வசதியில்லாத நாடுகளில் இருந்தவர்களுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விசயம் என்று பழைய பேராசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கப்பலில் வந்த பதில் எங்கட இமெயிலுக்கு முந்தியிருக்கும் போல.

பிரச்சினையில் கொஞ்சம் சிக்கலும் இருக்கு, அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. பூட்டுப் படம் ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கிற காரணங்கள் ஒன்று இல்லை. ஒன்று, சஞ்சிகையின் வியாபாரத் தடை. பன்னிரண்டு மாதம், இருபத்துநாலு மாதம் என்று அது போகும். இன்னொன்று, ஆய்வேட்டை எழுதியவர் அதைப் புத்தகமாகக் கொண்டுவர நினைத்துத் தானாகப் போட்டுக்கொண்ட பூட்டு. மூன்றாவது, உள்ளே இருக்கிற மனிசரைப் பாதுகாக்கப் போட்ட பூட்டு. யுத்தத்துக்குப் பிறகு எங்கட ஊர்களில் எத்தனையோ பேர் நேர்காணல் எடுத்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், முன்னாள் போராளிப் பெண்கள், இன்னும் காணி திரும்பக் கிடைக்காதவர்கள். பெயரை மாற்றினாலும் ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து ஆளைப் பிடித்துவிடலாம், சின்ன இடம்தானே. அப்படி ஒரு ஆய்வேட்டை நாங்கள் கேட்டு, "இது தரமுடியாது, பேசியவர்களுக்கு அப்படித்தான் வாக்குக் குடுத்திருக்கிறேன்" என்று பதில் வந்தால் தலைவணங்கி ஏற்றுக்கொள்வோம். உண்மையில் கேட்ட எல்லாருக்கும் அதை அனுப்புகிற ஆய்வாளரைத்தான் நாங்கள் சந்தேகிப்போம்.

ஆனால் நைத்திரேற்று அட்டவணைக்கும் அந்தத் தாயின் வாக்குமூலத்துக்கும் ஒரே படம், ஒரே வாசகம், ஒரே மௌனம் என்றால் கேட்கிறவருக்கு என்ன விளங்கும்? பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரி போதும்: ஏன் பூட்டியிருக்கு, எப்ப திறக்கும். அந்தத் திகதி சில இடங்களில் கடந்தும் போயிருக்கிறது. டிஸ்பேஸின் பழைய பதிப்புகளில் தடைக்காலம் முடிந்தாலும் பூட்டு தானாகக் கழராது. அதைக் கழற்றுகிற கட்டளையை ஒழுங்காக ஓடவிட யாராவது ஏற்பாடு செய்திருக்கவேண்டும். செய்யாவிட்டால் காவல்காரன் வீட்டுக்குப் போன பிறகும் படலை சாத்தியே கிடக்கும்.

விரிவுரையாளர்களோடு பேசும்போது வருகிற பயங்கள் இரண்டு. முதலாவது, "அனுப்பினா பதிப்பகம் கேஸ் போடும்." பல பெரிய பதிப்பகங்களின் விதிகளிலேயே, எழுதியவர் தன் பிரதியைக் கேட்பவருக்குத் தனிப்பட்ட முறையில் ஆய்வுக்காக அனுப்பலாம் என்று இருக்கிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ சேர். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் கற்றலுக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று: ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதியவர் பார்த்து முடிவெடுப்பதால்தான் அது தனிப்பட்ட பகிர்வு. நூலகம் வருகிற எல்லாருக்கும் இயந்திரம் மாதிரி அனுப்பினால் அது வெளியீடாகிவிடும். அதனால் நூலகம் தானே ஓம் சொல்லவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எழுதியவரிடம் சேர்ப்பதும், ஒரு கிழமை பார்த்துவிட்டு நினைவூட்டுவதும், கேட்டவருக்கு "உங்கட கோரிக்கை அவரிடம் போயிருக்கு" என்று ஒரு வரி எழுதுவதும் நூலகத்தால் முடியும்.

இரண்டாவது பயம், களவு. "அனுப்பினா எங்கட தரவை எடுத்துத் தங்கட பேரில போட்டிடுவினம்." நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் களவெடுக்கிறவன் பெயரும் முகவரியும் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பானா? அவனுக்கு 2011இலேயே சை-ஹப் வந்துவிட்டது. பட்டனை அழுத்திக் காத்திருக்கிறவர் நேரான வழியால் வந்தவர். அவரைத்தான் நாங்கள் வாசலில் விட்டு அலுக்கவைக்கிறோம்.

இன்னொரு கதையும் கேள்விப்பட்டோம். ஜிமெயில் முகவரியில் வருகிற கோரிக்கைகளை சில இடங்களில் கணக்கெடுப்பதே இல்லையாம், பல்கலைக்கழக முகவரி வேணுமாம். வெளிவாரியாகப் படிக்கிறவர், ஏ.எல். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர், ஊர்ச் சங்கத்தின் செயலாளர், ஏன், தண்ணி குடுத்த அம்மம்மா, இவர்களில் யாரிடம் பல்கலைக்கழக முகவரி இருக்கிறது? உள்ளே இருக்கிறவருக்கு அனேகமாக நூலகச் சந்தாவோ கூட்டாளியோ இருக்கும். இந்தப் பட்டன் வெளியே நிற்கிறவருக்குத்தான் கூடத் தேவை. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் அதிகம் கேட்கப்பட்டது ஸ்டீபன் ஹோக்கிங்கின் 1966ஆம் ஆண்டு ஆய்வேடு. அதை 2017 ஒக்ரோபரில் எல்லாருக்கும் திறந்துவிட்டபோது வந்த கூட்டத்தில் தளமே விழுந்தது. வந்தவர்கள் எல்லாரும் பிரபஞ்சவியல் பேராசிரியர்களா என்ன?

தடைக்காலம் என்பது கல்லில் வெட்டினதும் இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் தன் பணத்தில் நடந்த ஆய்வுகளுக்குப் பன்னிரண்டு மாதத் தடையை அனுமதித்து வந்தது. 2025 ஜூலை 1 தொடக்கம் அதை எடுத்துவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதி, வெளியாகும் அன்றே பொதுவில் இருக்கவேண்டும். எங்கட வரிப்பணத்தில் நடக்கிற ஆய்வுகளுக்கு அப்படி ஒரு விதி வரும்வரை இந்தப் பட்டன்தான் இருக்கிறது, அதையாவது வேலை செய்யவைப்போம்.

கேட்கிற எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கு. "ப்ளீஸ் சென்ட்" என்று இரண்டு சொல்லில் அனுப்புகிறோம். யார், எதற்கு, எந்தப் பகுதி வேணும் என்று நாலு வரி எழுதினால் அனுப்புகிறவருக்கும் மனம் வரும். வாசித்தபிறகு ஒரு நன்றி, எழுதி முடித்தால் அதை அவருக்கும் ஒரு பிரதி. இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கென்று போட்டிருக்கிற ஆளுக்கு நேராக எழுதுங்கள், அந்தப் பக்கம் சஞ்சிகையின் தளத்தில் அனேகமாகத் திறந்துதான் இருக்கும்.

அந்த விரிவுரையாளரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாவது அட்டவணையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் குடுத்தோம். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, பின்வளவுக் கிணறா முன்வளவுக் கிணறா என்று கேட்டா. கட்டுரையில் கிணறுகளுக்கு வெறும் இலக்கம்தான், வீட்டு விபரம் இல்லை. அதையும் சேரிடம் கேட்டிருக்கிறோம். அந்தக் களஞ்சியத்தின் நூலகருக்கும் எங்கட இரண்டு கோரிக்கைகளின் திகதியோடு ஒரு கடிதம் போயிருக்கிறது, இந்த முறை பதிவுத் தபாலில்.