எட்டுவழிக்கு முன் எதைச் செய்தீர்கள்?

சென்னை–சேலம் போக்குவரத்தைப் பழைய சாலைகள் தாங்காது, 277 கி.மீ. எட்டுவழிச் சாலையே தீர்வு என்கிறார்கள். 2018 முதல் இதே வாதம்.

ஒன்று: தாங்காதது எது? பழைய வழியில் உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலத்துக்கு நான்குவழிச் சாலை போட்டார்கள். ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழிகளை நடுத்தடுப்பே இல்லாத இருவழியாக விட்டார்கள். நான்குவழி வேகத்தில் வரும் பேருந்தும் லாரியும் அங்கே நேருக்கு நேர் மோதின. எத்தனை குடும்பங்கள் சிதைந்தன! அந்தப் புறவழிகளை அகலப்படுத்துவதல்லவா முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்?

இரண்டு: எட்டுவழிச் சாலையில் மிச்சமாகும் நேரம், சென்னைக்குள் நுழையும்போது தாம்பரம் நெரிசலில் கரையாதா?

மூன்று: 2019இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்த, இந்தச் சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளை 2020இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதாம். ஏற்றது உண்மை. நிலம் எடுக்கச் சட்டம் இடம் தருவதும் சாலை தேவைப்படுவதும் ஒன்றா? சாலைப் பாதையில் நிலம் உள்ள திருவண்ணாமலை விவசாயி தன் கிணற்றை எதற்காக இழக்க வேண்டும்?