டிக்கெட் காசு யார் கைக்குப் போனது? ‘சைடுஷோ’ வரலாறு கேட்கும் கேள்வி

உடல் ஒட்டிப் பிறந்த குழந்தைகள் பற்றிச் செய்தி வந்தாலே ‘சயாமிய இரட்டையர்’ என்று சர்வசாதாரணமாக எழுதிவிடுகிறோம். இது டாக்டர்கள் வைத்த பெயர் இல்லை. சயாமில் (இன்றைய தாய்லாந்து) 1811-ல் பிறந்து, 1829-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, டிக்கெட் போட்டு ஊர் ஊராகக் காட்டப்பட்ட சாங், எங் சகோதரர்களிடமிருந்து வந்த பெயர்.

அதென்ன சைடுஷோ?

சர்க்கஸுக்குப் பக்கத்திலேயே தனிக் கூடாரம், தனி டிக்கெட். உள்ளே உயரம் குறைந்தவர்கள், அசாதாரண உயரம் கொண்டவர்கள், கை கால் இல்லாதவர்கள், தாடி வளர்ந்த பெண்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு ஆண்டுகள் அமெரிக்காவில் இந்தத் தொழில் கொடிகட்டிப் பறந்தது.

‘எவ்வளவு கொடூரம்!’ என்று கடந்துபோவது ஈஸி. ஆனால், எல்லாரும் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இல்லை.

ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பினப் பெண், பார்வையிழந்த முதிய அடிமை. ‘161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த செவிலி’ என்று புளுகி, 1835-ல் அவரை மேடையேற்றினார் பி.டி.பார்னம். மறு ஆண்டு ஹெத் இறந்ததும், பிரேதப் பரிசோதனைக்கும் டிக்கெட் விற்றார். ‘முடியாது’ என்று சொல்ல ஹெத்துக்கு வழியே இல்லை.

சாங், எங் கதை வேறு. 21 வயதானதும், 1832-ல் முதலாளியை விட்டுப் பிரிந்து சொந்தமாக ஷோ நடத்தினார்கள். அந்தக் காசில் வடக்கு கரோலினாவில் நிலம் வாங்கி, கல்யாணம் செய்து, விவசாயம் பார்த்தார்கள். அந்த நிலத்தில் அவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தடை போட்டால் போதுமா?

உடல் குறைபாடு உள்ளவர்களைக் காசுக்காகக் காட்சிப்படுத்துவதை ஃபுளோரிடா மாகாணம் 1921-ல் தடைசெய்தது. நல்ல சட்டம்தானே என்று தோன்றும். ஆனால், ‘எங்கள் பிழைப்பில் கைவைக்காதீர்கள்’ என்று நீதிமன்றம் போனது கலைஞர்கள் தரப்புதான். 1972-ல் மாகாண உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

பிரான்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. உயரம் குறைந்தவரைத் தூக்கி எறியும் கேளிக்கைக்கு ஒரு நகர மேயர் 1991-ல் தடை போட்டார். மனித மாண்பைக் காரணம் காட்டி, 1995-ல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எதிர்த்து வழக்காடியவர், எறியப்பட்டவரான மானுவல் வாக்கன்ஹைம். வேலை இருப்பதுதான் மாண்பு என்பது அவர் வாதம். ஐ.நா. மனித உரிமைக் குழு 2002-ல் அதை ஏற்கவில்லை.

ஒரு மனிதரைத் தூக்கி எறிவதை நிறுத்தியதில் தப்பே இல்லை. ஆனால், நாளைக்கு அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்ற கேள்விக்குத் தடை உத்தரவில் பதில் கிடையாது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயரக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்து, அரசு வேலை இடஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்தது. மாண்பு பற்றிப் பேசுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

கூடாரம் போய் இப்போது ரீல்ஸ் வந்துவிட்டது. அங்கேயும் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: காசு யாருக்குப் போகிறது? ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று அவரால் சொல்ல முடியுமா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும், அந்த வீடியோவை நாம் ஷேர் செய்யக் கூடாது.