மொத்தக் கணக்கும் தனி வரியும்

அமெரிக்காவில் தங்கும் உரிமை இல்லாதவர்கள் என்று கருதப்படுவோரைக் கைதுசெய்து, தடுப்புக்காவலில் வைத்து, நாடு கடத்தும் பொறுப்பு, 2003இல் உருவான குடியேற்ற, சுங்க அமலாக்க முகமையிடம் இருக்கிறது. எத்தனை பேர் பிடிபட்டனர், எத்தனை பேர் அனுப்பப்பட்டனர் என்ற மொத்தக் கணக்கை அரசே வெளியிட்டுவருவதால் தரவுக்குப் பஞ்சமில்லை என்று தோன்றக்கூடும். ஆனால் அரசு கூட்டித் தரும் தொகையைக் கொண்டு அந்தக் கூட்டலையே சரிபார்க்க முடியாது.

ஆய்வாளருக்கு வேண்டியது ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய தனி வரி. காவல் பதிவுத் தொகுப்பில் அத்தகைய வரி, காவல் மையத்தின் பெயர், உள்ளே வந்த நாள், வெளியேறிய நாள், குடியுரிமை நாடு, வெளியேறியதற்கான காரணம் ஆகியவற்றைத் தாங்கியிருக்கும். ஒரே மனிதர் இரண்டு முறை வேறு மையங்களுக்கு மாற்றப்பட்டால், அவருக்கு மூன்று வரிகள் விழுகின்றன; அம்மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று காட்டும் அடையாளம் இல்லையென்றால், மூவர் சிறிது காலம் காவலில் இருந்ததாகவே கணக்கு சொல்லும். காவலின் உண்மையான நீளம் இப்படித்தான் காணாமற்போகிறது.

அந்த அடையாளம் முகமையிடம் உண்டு. வெளிநாட்டவர் ஒவ்வொருவரின் கோப்புக்கும் அரசு வழங்கும் பதிவு எண்ணே அது. 1966இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டம் அரசு ஆவணங்களைக் கேட்டுப்பெறும் உரிமையை எவருக்கும் தந்தாலும், தனிமனித அந்தரங்கத்தைக் குலைக்கும் விவரங்களுக்கு விலக்கு அளிப்பதால், அந்த எண்ணை வெளியிட முடியாது. எனவே, அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் எண்ணுக்குப் பதிலாக, யாரையும் காட்டிக்கொடுக்காத மாற்று எண்ணை இட்டுத் தருமாறு கேட்டது. அப்படிச் செய்வது புதிய ஆவணத்தை உருவாக்குவதாகும், சட்டம் அதைக் கோரவில்லை என்று முகமை வாதிட்டது. கீழ் நீதிமன்றம் இதை ஏற்றாலும், இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜனவரியில் மறுத்தது. தான் ஒருவரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்க்கப் பயன்படுத்தும் வசதியை, விலக்குப் பெற்ற எண்ணைக் காரணம் காட்டிப் பொதுமக்களுக்கு இல்லாமல் செய்ய முகமைக்கு உரிமையில்லை என்பது அதன் முடிவின் சாரம். அந்தரங்கம் என்ற நியாயமான காரணம் இங்கே அரசின் செயலை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டதை நீதிமன்றம் சரியாகவே கண்டுகொண்டது.

இத்துறையில் உழைப்பு நெடியது. 1989இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சூசன் லாங், டேவிட் பர்ன்ஹாம் இருவரும் தொடங்கிய டிராக் என்னும் ஆய்வகம், விண்ணப்பமும் வழக்குமாகப் பல ஆண்டுகள் இத்தரவைத் திரட்டியது. பெர்க்லி சட்டப்பள்ளியைச் சார்ந்த நாடு கடத்தல் தரவுத் திட்டம், கைது, காவல், நாடு கடத்தல் பதிவுகளை மாற்று எண்களோடு 2025இல் எவரும் தரவிறக்கும்படி வைத்ததால், செய்தியாளர்கள் அதிகாரிகளின் கூற்றுகளைத் தாமே சோதிக்க முடிந்தது.

பெயரில்லாத வரியும் ஆபத்தற்றதன்று. அரிதான குடியுரிமை, பிறந்த ஆண்டு, சிறிய மையம், குறிப்பிட்ட நாள் ஆகியவை ஒன்றுகூடினால் ஆளை அடையாளம் காண வழியுண்டு. இதற்கு எந்த விவரத்தை எவ்வளவு மழுங்கடிப்பது என்று ஆராய்வதே தீர்வாகுமேயன்றி, தொகுப்பையே பூட்டிவைப்பது ஆகாது. தாமதமோ தனித் தொல்லை: விண்ணப்பத்துக்கு 20 வேலைநாட்களில் பதிலளிக்கச் சட்டம் பணித்தாலும், வழக்கு தொடுத்த பின்னரே பல தொகுப்புகள் கைக்கு வருகின்றன, வந்தவற்றிலும் கைது நடந்த மாநிலம் குறிக்கப்படாத வரிகள் இருக்கின்றன.