ஆர் கேட்கும் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்

ஆர் மென்பொருளை மூடும்போதெல்லாம் அது ஒரு கேள்வி கேட்கும்: இதுவரை செய்ததைச் சேமிக்கவா? பெரும்பாலும் கை தானாக 'ஆமாம்' பக்கம்தான் போகிறது. சேமிப்பது நல்ல பழக்கம் என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள்! ஆனால் இந்த ஒரு இடத்தில் 'வேண்டாம்' என்பதுதான் சரியான பதில்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 'ஆமாம்' என்றால், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருக்கும் அட்டவணைகளையும் எண்களையும் ஆர் ஒரே கோப்பில் கொட்டி வைக்கிறது. தட்டிய கட்டளைகளும் தனியாக ஒரு கோப்பில் போகும்தான். ஆனால் அதில் தப்பும் சரியும் கலந்து கிடக்கும். பேரேட்டின் கடைசி இருப்பு மட்டும் கையில் இருக்கிறது. ஒழுங்கான குறிப்பேடும் இல்லை, வவுச்சரும் இல்லை. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

தஞ்சாவூர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் நெல் பரப்பை மாவட்டவாரியாக 1980-லிருந்து வரிசைப்படுத்தினால், 1991-க்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டம் தடாலென்று கீழே விழும். உடனே 'விவசாயம் அழிகிறது' என்று ப்ராஜெக்ட் எழுதக் கிளம்பிவிடக் கூடாது. அந்த வருடம்தான் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. வயல் எங்கேயும் போகவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. பழைய தஞ்சாவூரோடு ஒப்பிட வேண்டுமென்றால் நான்கையும் கூட்டியாக வேண்டும்.

ஒரு மாணவர் இதையெல்லாம் ஒரே மதியத்தில் சரியாகச் செய்து, 'ஆமாம்' அழுத்திவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? தஞ்சை, தஞ்சை1, தஞ்சை2, தஞ்சை_புதுசு, தஞ்சை_கடைசி. இதில் நாகையைக் கூட்டியது எது? வைவாவில் கேட்டால் என்ன பதில்? ஸ்கிரிப்ட் கோப்பு இருந்திருந்தால் ஒரே வரியில் விடை கிடைத்திருக்கும்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசம், ஏனென்றால் சத்தமே போடாது. குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2024-ல் திறந்தது ஜூலை 28, அதாவது 46 நாள் தாமதம். 2025-ல் ஜூன் 12-லேயே திறந்துவிட்டார்கள், தாமதம் பூஜ்யம். போன முறை சேமித்த 46 'தாமதம்' என்ற பெயரில் நினைவகத்தில் உட்கார்ந்திருக்க, 2025-க்கு அதைப் புதிதாகக் கணக்கிடும் வரியை எழுத மறந்துவிட்டால்? ஆர் பிழை காட்டாது. பழைய 46-ஐயே எடுத்துப் போட்டு அழகாக வரைபடமும் வரைந்து கொடுக்கும். வெறும் நினைவகத்தோடு தொடங்கியிருந்தால், 'அப்படி ஒன்று இல்லை' என்று அங்கேயே நின்றிருக்கும்.

பெரிய ஆட்களுக்கும் கணக்கில் தப்பு வரும். அரசுக் கடன் பற்றி ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2010-ல் எழுதிய கட்டுரையில், எக்செல் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. 2013-ல் அதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர். அவருக்குக் கிடைத்த கோப்பில் சூத்திரம் அப்படியே இருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. முடிவு எண்கள் மட்டும் இருந்திருந்தால் அவரும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

'கரண்ட் போனால் என்ன செய்வது?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே ஆரை மூடும்போதுதான் வருகிறது. கரண்ட் போகும்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள்? :-) அவ்வப்போது சேமித்த ஸ்கிரிப்ட்தான் அப்போது கைகொடுக்கும். ஒரு கணக்கு ஓடவே இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், அந்த ஒரு பொருளை மட்டும் தனிக் கோப்பாகச் சேமிக்க ஆரிலேயே கட்டளை இருக்கிறது. அது நியாயமான சேமிப்பு.

ஆர்ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் குளோபல் ஆப்ஷன்ஸ் போய், தொடங்கும்போது பழையதை ஏற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள்; மூடும்போது சேமிப்பதை 'நெவர்' ஆக்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர், ஒரு ப்ராஜெக்ட். இறக்கிய மூலத் தரவில் கை வைக்காதீர்கள், திருத்தமெல்லாம் ஸ்கிரிப்டில்தான். லேபில் பொதுக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், முன்னால் உட்கார்ந்தவர் விட்டுப்போன 'தாமதம்' உங்கள் கணக்கிலும் புகுந்துவிடலாம். சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் ஆரை மூடித் திறந்து, ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து ஓட விட்டுப் பாருங்கள். எங்கேயாவது நின்றால், சரிசெய்ய இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கும்.